வெளுத்து மறைந்த கை

என் வீட்டுக்காரர் முனியராஜுக்குத் தீயணைப்பு வண்டியில் வேலை. வாயைத் திறந்தால் மூடாத மனுஷன். அரிசி வாங்க அனுப்பினால் ஆமத்தூர் முழுக்கப் பேசிவிட்டு மத்தியானம்தான் வருவார். அப்படிப்பட்டவர் போன சித்திரையிலிருந்து ஊமையாகத் திரிகிறார். சோற்றைப் பிசைந்தபடி தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். எரிச்சலில் ஒருநாள் கத்தித் தீர்த்தேன். அப்புறம்தான் சொன்னார்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்துச் சரிந்து, எங்கள் தெரு நாகையா அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டார். ஒரே புகை. இவர் கையில் வெப்பத்தைப் பார்க்கும் கேமரா. எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை விட்டுக்கொண்டே இருக்குமாம். சூடு ஏற ஏற அதுவும் கூடுமாம். அதைப் பிடித்து, சூடானதை வெள்ளையாகவும் சூடு குறைந்ததைக் கறுப்பாகவும் கேமரா காட்டும். வழக்கமாக ஆள்தான் வெள்ளையாகத் தெரிவான். அன்றைக்குத் தீயிலும் வெயிலிலும் கல்லெல்லாம் உடம்பைவிடக் கொதித்துக் கிடந்ததால், இடுக்குக்குள் அண்ணனின் ஒரு கை கறுப்பாகத் தெரிந்தது. உயிருள்ள உடம்பு தன் சூட்டை லேசில் ஏறவிடாது.

அண்ணனின் சம்சாரம் மாடத்தி அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தார். தடுக்கத் தடுக்க ஓடிவந்தார்.

"உயிரோட இருக்காக அக்கா. பேசிக்கிட்டே இருங்க" என்றார் இவர்.

இருவருக்கும் அந்த வாரம் ஏதோ சண்டை, பேச்சில்லை. அக்காவுக்கு எதைப் பேசுவதென்றே தெரியவில்லை. ஆட்டுக்குத் தண்ணி வைத்ததையும் மகள் மாரிசெல்வி போன் பண்ணியதையும் இடுக்குக்குள் குனிந்து சொன்னார். மறுபக்கம் ஆட்கள் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேமராவில் அந்தக் கை மெல்லச் சாம்பல் நிறமானது. பிறகு வெளுத்து, கல்லோடு கல்லாக மறைந்தது. கல்லின் சூடு கைக்கும் ஏறிவிட்டது. அதற்கு அர்த்தம் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அக்காவிடம், பேசியது போதும் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம்தான் அக்கா அழுகையோடு சொன்னார்: "உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லைங்க. வந்துருங்க."

காரியம் முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நான் கடைசியாச் சொன்னது அவுகளுக்குக் கேட்டிருக்கும்ல?"

"கேட்டுச்சுக்கா" என்றார் இவர்.

இப்போது பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அக்கா அதைத்தான் சொல்கிறார். "நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் போனாக." சொல்லிவிட்டு, கூட வரும் என்னைப் பார்ப்பார். ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.