துண்டுக்கு அடியில் மரத்த மூன்று விரல்கள்

மாட்டுத் தரகனுக்கு வாய்தான் முதல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் வெறும் கொட்டு முழக்கம். பிழைப்பு நடப்பது விரலில். மாடு வாங்க வந்தவர் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். என் வலது கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, உள்ளே என் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் நூறு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இருநூறு. சுற்றி ஐம்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாலும் விலை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக மாரண்டஹள்ளிப் பக்கத்துச் சந்தைகளில் அந்தக் கையை வைத்துத்தான் சோறு தின்றேன்.

தருமபுரி தனி ஜில்லாவாகிக் கொஞ்ச வருடம் ஆகியிருந்தது. மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமே வந்துவிட்டாள். அவளைக் கவனிக்கவே என் மனைவிக்கு நேரம் சரியாக இருந்ததால், இரண்டு எருமைகளையும் கறக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும் செய்தேன்.

"ஆயிரம் மாட்டு மடிய அமுக்கிப் பாத்து வெல சொன்னவன் நான். ரெண்டு எருமை எனக்கு ஒரு பொருட்டா?"

"அமுக்கிப் பாக்கறதும் பீச்சறதும் ஒண்ணுங்களா?" என்றாள் மனைவி. "நாளைக்குப் பாக்கலாம் போங்க."

பார்த்தோம். முதல் வாரம் எருமைகள் என்னை வேடிக்கை பார்த்தன. இரண்டாம் வாரம் வேலை பிடிபட்டது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் முட்டியால் காம்பை அழுத்தி இழுப்பது எனக்கு வாகாக வந்தது. ஒன்றரை மாதம் போயிருக்கும். காலையில் எழுந்தால் வலது கை, யாரோ என் தோளில் மாட்டிவிட்டுப் போன விறகுக்கட்டை மாதிரி தொங்கியது. கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் எறும்பு ஊர்ந்தது. பிறகு வலி கிளம்பும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். கையை உதறினால் கொஞ்சம் விடும், மறுபடி வரும். விளக்கெண்ணெய் தேய்த்தேன், வேப்பெண்ணெய் தேய்த்தேன், நொச்சி இலையைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தேன். வலி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தது.

வலியோடு எப்படியோ காலத்தை ஓட்டியிருப்பேன். ஒரு சந்தை நாளில் குட்டு உடைந்தது.

தருமபுரியில் புளி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வண்டிக்காளை ஜோடி வாங்க வந்திருந்தார். பழைய பழக்கம். ஆயிரத்துக்கு மேல் எவ்வளவு என்பதுதான் பேச்சு. துண்டைப் போட்டார், விரலைப் பிடித்தார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ பிடிக்கிறார் என்று தெரிந்தது. ஒன்றா, இரண்டா, மூன்றா என்று தெரியவில்லை. கம்பளிக்கு வெளியே நின்று யாரோ தட்டுவது போல் இருந்தது. இன்னொரு தரம் பிடியுங்கள் என்று ஒரு தரகன் கேட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று கொடுத்த முகமாகப் பட்டது. விற்கிறவரிடம் போய் மூன்று விரலைப் பிடித்தேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக் கயிற்றை அவிழ்த்தார்.

"என்ன தரகரே, ரெண்டு வெரல்தான புடிச்சேன்? மூணாவது எங்கிருந்து மொளைச்சுது?" என்றார் பாய். சந்தையே திரும்பிப் பார்த்தது.

"இல்லீங்க பாய், மூணுன்னுதான்..."

"நான் புடிச்சது எனக்குத் தெரியாதா? உன் கை என்ன, மரத்தா போச்சு?"

என் தரகை விட்டுக்கொடுத்து அந்தத் தகராறைத் தீர்த்தேன். ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொரு தரகன் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தையைப் போட்டான்: "மரத்துப் போச்சுன்னா பாத்துக்கண்ணா. பெரிய வியாதிக்கு அதான் மொத அடையாளமாம்."

பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கம் தொழுநோய். அப்போது தொழுநோய் ஊழியர்கள் சைக்கிளில் வீடு வீடாக வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில், விரல்கள் மடங்கிய ஒரு கையின் படத்தைப் போட்டு அடையாளங்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். டீக்கடையில் அதை இழுத்து இழுத்துப் படித்துக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்தவன் நான்தான். சந்தை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிக்கு எட்ட நின்று காசை எறிந்தவனும் நான்தான். அன்றைக்கு அவர் கண்ணில் படப் பயந்து, பின்பக்க முள்வேலிக்குள் நுழைந்து வேட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி கூர்மையாகும் என்கிறார்கள். எனக்கு இருந்ததும் போய்விட்டது. மனைவியின் ஊக்கை எடுத்துப் பத்து விரலிலும் குத்திப் பார்த்தேன். பத்தும் வலித்தது. வலித்ததா, சரி என்று விட்டிருக்கலாம். அந்த மூன்றில் மட்டும் கொஞ்சம் மட்டமாக வலிக்கிறதே என்று மறுபடி குத்தினேன். ரத்தம் வந்ததும் எனக்கே மயக்கம் வந்தது. சவரக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதுகைப் பார்க்க முயன்று கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன். தோளில் ஒரு வெளிறின தேமல் தெரிந்தது. முடிந்தது கதை என்று முடிவு கட்டினேன். வைத்தியரிடம் போனால் அவர் பெயரைச் சொல்லிவிடுவார், சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதால் போகவில்லை. எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் ஒதுக்கிக்கொண்டேன். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் எருமைக் கொட்டகையில் போட்டேன்.

"ஏங்க, என்ன கோவம் எம்மேல? எருமையோட போய்க் குடித்தனம் பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பேறுகால வூட்ல எடஞ்சலா இருக்கு."

"எடஞ்சலா? வூட்ல பாதி காலியாக் கெடக்குது."

இப்படி இருக்கும்போது மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. எல்லாரும் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர்கூட வாயில் வெற்றிலையோடு தூக்கினார். நான் மட்டும் வாசற்படியில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி சன்னதியில் எட்டிப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு நகர்ந்துகொள்வேன். "தூக்குங்கப்பா" என்று மகள் நீட்டினால், கையெல்லாம் சாணி என்பேன், சளி பிடித்திருக்கிறது என்பேன், சந்தைக்கு நேரமாச்சு என்பேன். ஒரு தரம் சந்தையே இல்லாத நாளில் சந்தைக்குக் கிளம்பிப் போய், ஆளில்லாத மைதானத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒருநாள் கொட்டகையில் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே மகள் பேசுவது கேட்டது.

"பொட்டப் புள்ளன்னுதாம்மா அப்பா தொடமாட்டேங்குது. பையனா இருந்தா தோள் மேலயே வெச்சிருக்கும்."

"அப்பிடியெல்லாம் இல்ல கண்ணு."

"பின்ன என்ன? அடுத்த வாரம் எங்க வூட்ல இருந்து கூட்டிட்டுப் போக வராங்க. எங்க மாமியார் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

"கொழந்தைக்குப் பசிக்குது, பால் குடு" என்று மனைவி பேச்சை மாற்றினாள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அதிலேயே தெரிந்தது. பெரிய வியாதியைவிட இது பெரியதாக இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஊர்க்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பாலக்கோட்டைத் தாண்டித் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கே போனேன். தலைப்பாகையை இறக்கி மூக்கு வரை கட்டியிருந்தேன். வரிசையில் நின்ற ரெண்டாவது நிமிஷம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன தரகரே, வெயிலுக்கு முந்தியே முக்காடா?"

புளி வியாபாரி பாய். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு இடுப்பு. மூட்டையக் குனிஞ்சு குனிஞ்சு தூக்கி ஆறு மாசமா வலி. உனக்கு என்ன?"

"வயித்து வலிங்க பாய்."

சீட்டு எழுதுகிறவரும் கேட்டார். பாய் பக்கத்திலேயே நின்றதால் அவரிடமும் வயிறு என்றேன். அதனால் உள்ளே இருந்த டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து வயிற்றை நாலா பக்கமும் அமுக்கினார். "இங்க வலிக்குதா? இங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வயிறு இல்லீங்கம்மா. கை. எனக்குப் பெரிய வியாதிங்க."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். சுண்டுவிரலைத் தொட்டதும் உடனே சொன்னேன். ஆட்காட்டி விரலுக்கு யோசித்துத்தான் சொன்னேன். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். தோளில் இருந்த தேமலைப் பஞ்சால் தொட்டார், நன்றாகத் தெரிந்தது. "இது சாதாரணத் தேமல்" என்றார். பிறகு இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டை மடக்கி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எறும்புகள் ஊர்வலம் கிளம்பின.

"வருதா?"

"வருதுங்கம்மா!"

"என்ன வேலை பாக்கறீங்க? புதுசா ஏதாவது செய்யறீங்களா?"

எருமைக் கதையைச் சொன்னேன். கறக்கும் விதத்தைக் காற்றிலேயே கறந்து காட்டினேன். அவர் என் மணிக்கட்டை விரலால் தட்டினார். நடுவிரல் நுனி வரை மின்சாரம் ஓடியது.

"இங்க ஒரு சின்னச் சந்து இருக்கு. அதுக்குள்ள விரலை மடக்கற ஒன்பது நாணும், ஒரு நரம்பும் போகுது. ஓயாம வேலை செஞ்சா நாணெல்லாம் வீங்கிக்கும். நரம்பு நசுங்கும்."

அதைவிடத் தெளிவாக ஒரு மாட்டுத் தரகனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒற்றைச் சந்தில் ஒன்பது மாடும் ஒரு மனிதனும் ஒரே நேரத்தில் நுழைந்தால் நசுங்குகிறவன் யார்? இத்தனை நாளாக அந்த மனிதன் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப பெரிய வியாதி இல்லீங்களா?"

"இல்லை. இருந்திருந்தாலும் அதுக்கும் மாத்திரை இருக்கு, வீட்லயே இருந்து சாப்பிட்டுக் குணமாகலாம். ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்தாத்தான் கை போகும்." பால் கறக்கக் கூடாது, ராத்திரி பகல் மணிக்கட்டு மடங்காமல் ஒரு மரச்சட்டம் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், ஆறு வாரத்தில் குறையாவிட்டால் மணிக்கட்டில் ஒரு ஊசி போடலாம், அதற்கும் கேட்காவிட்டால் சேலத்தில் சின்ன ஆபரேஷன் என்றார். கைகூப்ப நினைத்து, கால் பக்கம் குனிந்து, மேஜையில் தலையை இடித்துக்கொண்டேன்.

வெளியே பாய் காத்திருந்தார். "வயிறு என்ன ஆச்சு?"

"கையிலதாங்க பாய் இருந்துச்சு வயிறு. அன்னிக்கு நீங்க புடிச்சது ரெண்டுதான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது, நிறுத்து என்று என்னையே திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்போடு உள்ளே போய், மகள் மடியிலிருந்து குழந்தையை எடுத்தேன். அது உடனே என் சட்டையை நனைத்தது.

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாப்பா?" என்றாள் மகள்.

சொன்னேன். ஊக்கு, கண்ணாடி, தட்டு, கட்டில் ஒன்றும் விடாமல் சொன்னேன். மகள் முதலில் அழுதாள், பிறகு என் முதுகில் ரெண்டு அடி போட்டாள். மனைவி மட்டும் என் கையில் கட்டியிருந்த மரச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கட்டவெரலும் பக்கத்து ரெண்டும்தானே? ஒதறுனா கொஞ்சம் விடுமா?"

"ஆமா."

"காலைல சொம்பு புடிச்சா கைய விட்டு நழுவுமா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு ஆறு வருசமா அப்பிடித்தான் இருக்குது."

மூன்று மாதத்தில் நான் ஒரு வியாதிக்குப் பெயர் வைத்து, தட்டு ஒதுக்கி, கட்டில் மாற்றி, பாதி செத்தும் போயிருந்தேன். அவள் ஆறு வருடம் அதே கையோடு இரண்டு எருமைகளைக் கறந்து, அடுப்பெரித்து, எனக்கு மாவாட்டியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருக்கேன். எண்ண தேய்ன்னீங்க" என்றாள்.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். ஆறு வருடம் என்று அவள் சொன்னதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நாள்பட்டுப் போனதால் அவளுக்கு ஊசியைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே போட்டுவிட்டு, அவளுக்கும் ஒரு சட்டம் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் சொன்னாள்: "கைன்னு ஒண்ணு இருக்கற நெனப்பே இல்லாமத் தூங்கினேங்க." என் விரல்கள் முழுதாகத் திரும்ப இரண்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் துண்டுக்கு அடியில் இடது கையை நீட்டினேன். முறைத்தவர்களிடமெல்லாம் ஒன்பது மாட்டுக் கதையைச் சொன்னேன். அதில் நாலு பேர், தங்கள் வீட்டிலும் கையை உதறுகிறவர்கள் உண்டு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரி போய்வந்த அடுத்த வாரமே, மகளைக் கூட்டிப்போக மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்த அன்று, கறந்து கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் ஊரில் இல்லை. எருமைகள் கத்தின. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையில் சட்டத்தோடு நின்றோம். மாப்பிள்ளை சலவைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டார்.

"பேத்தியக் கூட்டிட்டுப் போக வந்தமா, மாடு பீச்ச வந்தமா?" என்றார் சம்பந்தியம்மா.

"அஞ்சு வெரலயும் சேத்துப் புடிங்க மாப்ள, கட்டவெரல மடக்காதீங்க!" என்று நான் வைத்தியம் சொன்னேன்.

பஸ் வரைக்கும் குழந்தையை நானே தூக்கி வந்தேன். யார் கேட்டும் கொடுக்கவில்லை. பஸ் வந்தது, எல்லாரும் ஏறினார்கள், சாமான்களை ஏற்றினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, ஏறுறீங்களா, கொழந்தையக் குடுக்கறீங்களா?"

ஏறினேன். சட்டை போட்டிருக்கவில்லை, காலில் செருப்பும் இல்லை. "அப்பா, எங்க வரீங்க?" என்றாள் மகள். பாலக்கோடு வரைக்கும் என்றேன். அங்கே என்ன வேலை என்று சம்பந்தியம்மா கேட்டார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்றேன்.