பழுதில்லாமல் திரும்பிய காது மிஷின்கள்

காது மிஷின் கடையில் பதினான்கு வருடம் வேலை பார்த்த அந்தப் பெண்மணிக்கு உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ஆமையக்கா. புதிதாக மிஷின் வாங்க வருபவர்களுக்கு மற்றவர்கள் இருபது நிமிடத்தில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். இவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் யார் யார், யார் பேசினால் கேட்கவில்லை என்று கதை கேட்டு, அதற்குத் தகுந்தபடி சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, வாசல்வரை கூட்டிப்போய்த் தெரு இரைச்சல் தாங்குகிறதா என்றும் பார்த்த பிறகுதான் விடுவாள். ஆமையக்கா என்று கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொள்வாள்.

புதிதாக வந்த மேனேஜருக்கு அது சிரிப்பாக இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும், "நாளையிலேர்ந்து நீங்க பின்பக்க ரூமைப் பாத்துக்கோங்கம்மா. முன்னாடி வேகமா முடிக்கறவங்கதான் வேணும்" என்றார்.

தலையில் இடி விழுந்தது போலிருந்தது அவளுக்கு. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்டும் பசியில்லை என்று மட்டும் சொல்லிப் படுத்துவிட்டாள்.

பின்பக்கம் ஜன்னலில்லாத அறை. சரியில்லை என்று திரும்பி வரும் மிஷின்களைத் துடைத்துச் சோதித்துக் கம்பெனிக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. மாதத்துக்கு நாலைந்து வந்தாலே அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தாள். மூன்றாவது மாதம் முப்பத்தெட்டு வந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்துக் கடைசி மிஷினையும் கீழே வைத்தாள். ஒன்றில்கூடப் பழுது இல்லை.

சாப்பாட்டு நேரத்தில், திருப்பிக் கொடுத்தவர்களின் நம்பரைத் தேடிப் போனை எடுத்தாள். காது கேட்காதவர்களிடம் போனில் என்ன பேசுவது? மகனையோ மருமகளையோ பிடித்து விசாரித்தாள். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். பாத்திரம் உருண்டால் மண்டை பிளக்கிறது, கடையில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். புதுச் சத்தம் பழகச் சில வாரம் ஆகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று விளக்கி, வியாழக்கிழமை வரச் சொன்னாள். மேனேஜரிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு மூன்று பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தாள். வியாழனன்று இருபத்திரண்டு குடும்பங்கள் வந்து இறங்கின. நாற்காலி போதாமல் படியெல்லாம் ஆட்கள். மேனேஜர் பேயறைந்தவர் போல வெளியே வந்து, யார் இவர்களை வரச் சொன்னது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள். அந்த நிமிடமே வேலை போய்விட்டதென்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் அடுத்துப் பேசியது, முன்பக்கத்தில் வேகத்துக்குப் பேர் வாங்கிய பெண். "இவங்க எல்லாருக்கும் மாட்டினது நான்தான் சார். ஒருத்தர் முகம்கூட ஞாபகமில்ல. மாசக் கடைசியில வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்து ஆமையக்காவின் முன்னால் தானே போட்டு, "உக்காருங்கம்மா. பாருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. தனக்கு மட்டும் நேரம் கொடுத்தால் போதாது, மாட்டுகிற எல்லோருக்கும் வேண்டும் என்றாள். அவரை எதிர்த்துப் பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவர் தலையாட்டினார்.

வந்தவர்களில் பத்தொன்பது பேர் மிஷினைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அவர்கள் தம்பியை, சம்பந்தியை, கூட வேலை பார்த்தவரை அனுப்பினார்கள். வேகத்துக்குப் பேர் வாங்கிய அந்தப் பெண்ணும் வேலையை விடவில்லை. ஒரு விளம்பரம்கூட இல்லாமல் அடுத்த வருடம் இரண்டாவது கடை திறந்தது. அதன் பொறுப்பை ஆமையக்காவிடம் கொடுத்தார்கள். முதல் நாள் ஷட்டரைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் அறுபது பேருக்குக் குறையாது. அதில் ஒருத்தரைக்கூட அவளுக்கு முன்பின் தெரியாது. எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.