கட்டிலோரத்துப் பிளக்

போன வருடம் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது இது. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் ஃபிளாட்.

நிமோனியா வந்து பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்திருந்த நேரம். மூச்சு இன்னும் சரியாகவில்லை. வாடகைக்கு எடுத்த ஒக்சிஜன் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு பகலாகக் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் அப்பா மெல்லமாகக் கதைப்பார். இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்கும் மூச்சுக் காணாது.

நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? திராட்சைப்பழமும் பிஸ்கட்டுமாக வரிசையாக வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அப்பாவைப் பார்ப்பதைவிட, அவரை வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் காட்டுவதில்தான் மும்முரம். லண்டன், பாரிஸ், கனடா என்று ஒரே வீடியோ கோல். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அப்பாவுக்கு அது பிடித்திருந்ததால், வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீர் போடுவேன்.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பாவின் தங்கை, என் மாமி, இன்னும் சில உறவினரோடு வந்திருந்தார். கனடாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. மாமி விடுவாரா? அங்கே தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவை எழுப்பி வீடியோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

நான் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்றேன். பீப் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒழுங்கைக்குள் யாரோ வான் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளவத்தையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தானே. அறையிலிருந்து ஒரே சிரிப்பு.

"தம்பி, அங்க பார், அண்ணா உனக்குக் கை காட்டுறார்! அண்ணா, இன்னொருக்காக் காட்டுங்கோ!"

கையை உயர்த்துமளவுக்கு அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கும் சந்தோஷம். தேத்தண்ணீர்த் தட்டோடு அறை வாசலுக்கு வருகிறேன், போனுக்குள்ளிருந்து சித்தப்பா கத்துகிறார்.

"அக்கா! அண்ணாவைப் பாருங்கோ! அவற்ற சொண்டு ஏன் நீலமாக் கிடக்கு?"

கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் போன் திரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா வாயைத் திறந்து திறந்து மூடினார். அவருடைய கை சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில் இருந்த ஒரே பிளக்கில் மாமியின் சார்ஜர் தொங்கியது. ஒக்சிஜன் மெஷினின் வயர் கழற்றப்பட்டு நிலத்தில் கிடந்தது.

தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. சார்ஜரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மெஷினைக் கொழுவப் பார்த்தால், பிளக் உள்ளே போகவே மாட்டேன் என்றது. ஒருவாறு போய், மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியது. அப்பாவின் உதட்டில் அந்த நீலம் மாறும்வரை பார்த்துக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே மாமியை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மாமி சுவரோடு ஒட்டிக்கொண்டு சொன்னார்.

"போன் சார்ஜ் முடிஞ்சு கோல் கட்டாகப் பாத்துது பிள்ளை, கொஞ்ச நேரந்தானே எண்டு கழட்டினன். அது பீப் பீப் எண்டு கத்தினதுதான். மெஷின் எண்டாச் சத்தம் போடும்தானே எண்டு நினைச்சிட்டன்."

அண்ணாவுக்காக ஒரு கோயில் விடாமல் நேர்த்தி வைத்த மனுசி அவர். அது தெரிந்தும் என் வாய் அடங்கவில்லை.

மூச்சு வந்து வெகுநேரத்துக்குப் பிறகு அப்பா கேட்டார், "எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

கட்டிலில் கிடந்த போனுக்குள் சித்தப்பா அழுவது மட்டும் கேட்டது.

அப்பா இப்போது கடற்கரைவரை நடந்து போய் வருகிறார். மாமியும் நானும் பழையபடி கதைக்கிறோம். ஆனால் வீடியோவில் யாராவது கை காட்டினால், பதிலுக்குக் கை காட்ட இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை, "என்ன வேணும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.