முதல் வரியில் இறப்பவள்

யுத்த காலத்தில் பத்திரிகைகளுக்குக் காகிதம் கிடைப்பது அரிதாக இருந்தது. திருத்தணியிலிருந்து நான் அனுப்பும் செய்திக்கு நாலைந்து வரிதான் இடம். அதுவும் போதாவிட்டால் சென்னையில் கீழிருந்து வெட்டுவார்கள். ஆகவே முக்கியமானதை மேலே வைக்க வேண்டும். சாவு இருந்தால் அதுதான் முதல் வரி. என் கைக்கு அது பழகிவிட்டிருந்தது.

ஓர் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குப் பிறகு ஊரில் வாந்திபேதி பரவியது. ‘திருத்தணியில் வாந்திபேதியால் சிலர் இறந்தனர்’ என்று தொடங்கிச் செய்தி அனுப்பினேன். மறுநாள் எங்கள் ஐந்து வயது மகளுக்கும் கண்டது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

அதன்பின் எனக்குத் தூக்கம் இல்லை. என் மனைவி சமைத்தாள், துவைத்தாள், ஆனால் பேசவில்லை. அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் மருந்து தரவில்லை.

“எழுதறவருதானே நீங்க? நடந்தத காயிதத்துல எறக்கிப் பாருங்க, பாரம் கொறையும். ஊட்ல அம்மாவுக்கும் படிச்சிக் காட்டுங்க.”

அன்றே எழுதினேன். மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எதிரில் உட்கார்ந்து படித்தேன்: ‘எங்கள் ஐந்து வயது மகள் திருத்தணியில் வாந்திபேதியால் இறந்தாள்.’

முறம் நின்றது.

“இன்னாங்க இது, தண்டோரா போடறாப்பல? மொத வரியிலயே சாவடிச்சிட்டா அப்பறம் கேக்கறதுக்கு இன்னா கீது?”

“வேற எப்படி ஆரம்பிக்கறது?”

“உங்க தோள்ல ஏறிகினு காவடியில கீற மயிலெறகப் புடிச்சி இஸ்தாளே. அந்தக் காவடிக்காரரு, ‘உங்க நைனா மீசைய இஸ்துக்கோ தாயி, சாமிய உட்டுடு’ன்னாரே. அத எழுதுங்க. கொஞ்ச நேரம் அவ இருக்கட்டும்.”

சொல்லும்போது அவள் முகத்தில் ஏறக்குறைய ஒரு சிரிப்பு வந்தது. மயிலிறகை நான் விட்டுவிடவில்லை. கடைசி வரியில், முதலில் வெட்டுப்படும் இடத்தில், வைத்திருந்தேன்.

மறுநாள் அதை மேலே கொண்டுவந்து படித்தேன்: ‘இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு எங்கள் மகள் ஒரு காவடியின் மயிலிறகைப் பிடித்து இழுத்தாள்.’

“மறுபடியுமா?” என்றாள்.

எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. ‘இறப்பதற்கு’ என்பதை அடித்தேன். ‘எங்கள் மகள்’ என்று எழுதியதும் அடுத்த சொல்லாக ‘இறந்தாள்’ வந்து நின்றது. தாளை மாற்றினேன். அதிலும் அப்படித்தான். தூக்கமும் வரவில்லை. டாக்டர் சொன்ன பாரம் தாளுக்கு இறங்கவில்லை. தாளைப் பார்க்கும்போதெல்லாம் கூடியது.

சில நாட்கள் விளக்கேற்றும் நேரத்தில், “ஆச்சுங்களா?” என்று கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். ஐப்பசி மழை தொடங்கியபோது, மணவூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ரயிலேற்றிவிடப் போனேன்.

“எழுதி முடிச்சா சொல்லியனுப்புங்க. வந்து கேக்கறேன்” என்றாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“ஆங்” என்றேன்.

அரக்கோணத்தில் வண்டி மாறினால் மணவூர் வந்துவிடும். அங்கே சொல்லியனுப்ப என்னிடம் இதுவரை ஒன்றும் இல்லை.