அஞ்சாம் நம்பரில் ஓடிய காத்தாடி

ரப்பர் செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு மறந்தால் ஒரு கருகல் வாடை வருமே, அந்த வாடைதான் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து கோடை முழுக்க வந்துகொண்டிருந்தது. கூரையில் தொங்கிய காத்தாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அது. செங்கல் அளவு கனம், நடுவில் ஒரு குமிழ், குமிழைச் சுற்றி ஒன்றிலிருந்து ஐந்து வரை வெள்ளை எழுத்து. உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். காத்தாடிக்குப் போகவேண்டிய கரண்டைப் பாதி வழியில் மறித்து, அதைச் சூடாக்கி வீணாக்குவதுதான் அந்தச் சுருளின் வேலை என்பதெல்லாம், இன்று அருப்புக்கோட்டையில் எலக்ட்ரிக்கல் கடை போட்டு உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. குமிழ் "டக் டக் டக்" என்று அஞ்சாம் நம்பருக்குப் போனால் அம்மாவுக்கு அடி விழப்போகிறது.

பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. அப்பா லோடு வண்டி ஓட்டினார். சீமைக்கருவேலங்கட்டையைச் சுட்டு எடுக்கிற கரியை மூட்டம் போடுகிற காடுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த நேரத்துக்குத்தான் சாப்பிட வருவேன். லோடு கிடைக்காத நாளில் அடிப்பார், லோடு கிடைத்த நாளில் குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அடிப்பார். கையில் கரி ஒட்டியிருக்கும். அறை விழுந்தால் அம்மாவின் கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிடும். அம்மா எழுந்ததும் முதல் வேலையாக முகத்தைத்தான் கழுவுவாள், அழுவதெல்லாம் அதற்கப்புறம்.

ஆனால் என் அப்பா மானஸ்தர், பாருங்கள்! அடிக்கிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது. வந்ததும் தெருக்கதவைச் சாத்துவார், குமிழை அஞ்சுக்குத் திருகுவார். அந்தக் காத்தாடியோ அம்மாவுக்குத் தாய்மாமன் சீராகக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் சீர்ச் சாமானில் கொடுத்தவர் பெயரை எழுதாவிட்டால் கொடுத்தவருக்குத் தூக்கம் வராது. றெக்கை மூன்றிலும் சிவப்புப் பெயின்டில் மாமாவின் பெயர் இருந்தது. ஒன்றாம் நம்பரில் ஓடினால் பெயரை வாசித்துவிடலாம். அஞ்சில் பெயரும் தெரியாது, பேச்சும் கேட்காது. தகரக் கூரையில் கல் எறிந்ததுபோல அப்படி ஒரு கடகடப்பு. அதற்குக் கீழே அம்மா முந்தானைச் சேலையை வாயில் திணித்துக்கொண்டு அடி வாங்குவாள். "வீட்டுக்கு வீடு வாசப்படி, நம்ம வீட்டுச் சங்கதி தெருவுக்குப் போகக் கூடாதுத்தா" என்று என்னிடமே சொல்வாள். மானம் போய்விடக் கூடாது என்பதில் அடிக்கிறவரும் அடி வாங்குகிறவளும் ஒரே கட்சி.

எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் பெரியப்பா வீடு, எதிரே பேச்சியம்மா அத்தை வீடு. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள், இவர்களுக்குக் கேட்டால் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துவிட மாட்டார்களா? கேட்கவில்லை, அதனால்தான் வரவில்லை. கேட்காததற்குக் காரணம் இந்த நாசமாய்ப் போன காத்தாடி. அம்மாவின் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் காத்தாடியைக் கொன்றாக வேண்டும். பன்னிரண்டு வயதுப் புத்திக்கு இதைவிடச் சரியான கணக்கு வேறு என்ன இருக்க முடியும்?

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று மட்டம் போட்டேன். அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், நாற்காலி போட்டு ஏறி, பெட்டியின் மூடியைக் கத்தி முனையால் கழற்றி, உள்ளே இருந்த ஒரு வயரைப் பிடுங்கினேன். சுவிட்ச் போடாமல் இருந்ததால் பிழைத்தேன். மத்தியானம் அப்பா வந்து குமிழைத் திருகினார், காத்தாடி அசையவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துச் சுவரில் எறிந்தார், அம்மாவை அன்று அடிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அது இரண்டே நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரான வீரசோழனிலிருந்து காதர் பாயைக் கூட்டிவந்தார் அப்பா. காதர் பாய் வளைகுடாவில் சில வருசம் வயரிங் வேலை பார்த்துத் திரும்பியவர், சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் அவர்தான் எலக்ட்ரீசியன். பெட்டியைத் திறந்தார், பிடுங்கிய வயரைப் பார்த்தார், மூடியில் இருந்த கத்திக் கீறலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு அடி எனக்கு. அவர் அப்பாவிடம் திரும்பி, "பொட்டி போயிருச்சுண்ணே, புதுசு மாத்திரலாம்" என்றார். "புதுசும் வேணாம் ஒண்ணும் வேணாம், டைரக்ட் குடுத்துட்டுப் போ" என்றார் அப்பா.

"டைரக்ட்" என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெகுலேட்டர் கெட்டுப்போனால் எங்கள் பக்கத்தில் அதை மாற்றுகிறவர்கள் குறைவு. பெட்டியை விட்டுவிட்டு, சுவிட்சிலிருந்து நேராகக் காத்தாடிக்கு வயரை இழுத்துவிடுவார்கள். வேகத்தைக் குறைக்க ஆள் கிடையாது. சுவிட்சைப் போட்டால் எப்போதும் அஞ்சுதான். காதர் பாய் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாக, "பாப்பா, மெயின அமத்தாம இனிமே எதுலயும் கைய வைக்காத. செத்துருவ" என்றார். மெயின் சுவிட்சை அமர்த்தினால் வீடு முழுக்கக் கரண்டு நிற்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் செய்த பாவம் என்னவென்று அடுத்த வாரம் புரிந்தது. முன்பெல்லாம் அந்த "டக் டக் டக்" கேட்டு முடிவதற்குள் அம்மா அடுப்பிலிருந்து கொதிக்கிற சட்டியை இறக்கிவிடுவாள், "போத்தா, கடையில போயி சீனி வாங்கியா" என்று என்னை வெளியே தள்ளிவிடுவாள், முந்தானையைச் சுருட்டிக்கொள்வாள். ஐந்து சத்தம் அவளுக்குக் கிடைத்த அவகாசம். நான் அதைப் பிடுங்கிவிட்டேன். இப்போது ஒரே ஒரு சுவிட்ச், அடுத்த நொடி அடி. அன்றைக்கு அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இடது காதோடு சேர்த்து அறைந்தார். கஞ்சி கவிழ்ந்து வலது காலில் முழங்கால்வரை தோல் உரிந்தது. காதிலிருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. காலைவிட, "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்குத்தா" என்றுதான் இரண்டு நாளாகச் சொன்னாள். மூன்றாம் நாள் வண்டும் நின்றுவிட்டது. அந்தக் காதில் அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை.

அடுத்த அடியில் செத்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நிச்சயமாகத் தெரிந்தது.

அது ஒரு சனிக்கிழமை, உச்சிப்பொழுது. அப்பா வந்தார், கதவைச் சாத்தினார், சுவிட்சைப் போட்டார். அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிய சத்தம் கேட்டதும் நான் முன்னறைக்கு ஓடி மெயின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே தொங்கினேன். காத்தாடி முனகிக்கொண்டே நின்றது. அப்பாவுக்கு வெறி, காத்தாடி நின்றதுகூடத் தெரியவில்லை. அடி விழுகிற சத்தம், அம்மாவின் சத்தம், எல்லாம் பட்டப்பகலில் தெளிவாகக் கேட்டன. நான் தெருக்கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே ஓடினேன். இனிமேல் கேட்கும். இனிமேல் எல்லாரும் வருவார்கள்.

பேச்சியம்மா அத்தை வாசலில் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். அத்தை தலையைத் தூக்கி, "ஏத்தா, ஒங்க வீட்ல மட்டும் கரண்டு போயிருச்சா? எங்க வீட்ல ஓடுதே" என்றாள்.

"பெரியப்பா, அம்மாவ அப்பா கொல்றாரு!" என்று கத்தினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "அது என்னைக்கும் உள்ளதுதானத்தா. நீ போயி அந்த மெயினத் தூக்கிவிடு, சத்தம் தெருவரைக்கும் வருது" என்றார். அத்தை இன்னொரு மிளகாயை எடுத்துக் கிள்ளினாள்.

அட பாவிகளா! என்றைக்கும் உள்ளதாம். காத்தாடி எதையும் மறைத்திருக்கவில்லை. ஏழெட்டு வருசமாகத் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவர்கள் சொல்வதை எல்லாம் யோசித்துக்கொண்டு அங்கே நிற்க எனக்கு நேரமில்லை, உள்ளே ஓடினேன்.

காத்தாடி நின்றுபோனால் சத்தம் வெளியே மட்டும் போகாது, வெளியே பேசுவது உள்ளேயும் வரும். அதை நான் யோசிக்கவில்லை. பெரியப்பா சொன்னதை அம்மா கேட்டுவிட்டாள், மிச்சமிருந்த ஒரு காதால். தரையில் கிடந்தவளின் முகம் மாறியதைப் பார்த்தேன். இத்தனை வருசம் சேலையைக் கடித்துக் காப்பாற்றிய மானம் ஒருநாளும் இருந்ததே இல்லை என்று தெரிந்துகொண்ட முகம். வாயிலிருந்த முந்தானையைத் துப்பினாள். அடுப்படிக்குத் தவழ்ந்துபோய், முள் செதுக்காத சீமைக்கருவேலங்கட்டை ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தாள். அப்பா மறுபடி கையை ஓங்கினார். அம்மா அந்தக் கையிலேயே போட்டாள். ஒரே போடு, மணிக்கட்டுக்கு மேலே. காய்ந்த குச்சியை முறித்த சத்தம்.

"யாத்தே!" என்று அப்பா அலறினார்.

ஒரே ஒரு அலறல்தான். இரண்டாவது அலறலுக்கு முன்னால் பெரியப்பா வீட்டுக்குள் நின்றார். பேச்சியம்மா அத்தை மடியில் இருந்த மிளகாய் சிதற ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாத அந்த மனுசன் அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாலு பேர் அம்மாவின் கையை முறுக்கிக் கட்டையைப் பிடுங்கினார்கள். "புருசனக் கைநீட்டிட்டாளே, குடும்பப் பொம்பளையா இவ!" என்று அத்தை வயிற்றில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் நெற்றி பிளந்து மூக்குவழியே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க ஒருத்திக்கும் கை வரவில்லை. நான்தான் பாவாடையால் துடைத்தேன்.

பிறகு ஊர் கூடியது. அப்பா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள் அம்மாவை. பெரியப்பா இரண்டு தரம் சொன்னார், மூன்றாம் தரம் கத்திச் சொன்னார். அம்மா இடது பக்கத்தை அவருக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "இந்தக் காதுல கேக்காதுங்க. ஒங்க தம்பிதான் ஒடச்சாக" என்றாள். அதற்குமேல் கூட்டத்தில் ஒருத்தரும் வற்புறுத்தவில்லை. அப்பாவின் கை கோணலாகக் கூடியது, கியரைப் பிடிக்க உதவவில்லை, வண்டியை விற்றார். அதற்குப் பிறகு பல வருசம் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒருநாளும் அவர் கையை ஓங்கவில்லை. திருந்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்தார். எனக்கு அது போதும்.

அப்பா போய்விட்டார். அந்தக் கறுப்புப் பெட்டிகளும் போய்விட்டன. என் கடைக்கு அதைக் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. தீப்பெட்டி அளவு ரெகுலேட்டர், சூடே ஏறாது. பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் வாங்கிப் போய்க் காத்தாடிக்கு மாட்டிவிட்டு, "உறுமுதுக்கா, என்னன்னு பாருங்க" என்று வருகிறவர்களைத் திட்டி அனுப்புவதும், எல்லா எல்.இ.டி. பல்புக்கும் டிம்மர் ஒத்துவராது, மினுக்கும் என்று தொண்டை வறளச் சொல்வதும்தான் இப்போது என் பிழைப்பு. அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில், வலது காது என் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

ஊரில் அம்மாவுக்கு இன்றைக்கும் "கையொடிச்சா" என்றுதான் பெயர். அவள் பெற்றோர் வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. காதை உடைத்ததற்காக அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கலாமென்று கடைசிவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஊர்க்கார அம்மாள் ஒருத்தி ஒயர் வாங்க வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ கையொடிச்சா மகதான? ஒங்கப்பன் பாவம், தங்கமான மனுசன்" என்றாள். "ஆமா, அவ மகதான். எத்தனை மீட்டர் வேணும்?" என்றேன்.

"யாரு அது, என்னவாம்?" என்றாள் அம்மா.

குனிந்து அவள் வலது காதில் சொன்னேன். அம்மா அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னிடம், கடை முழுக்கக் கேட்கிற சத்தத்தில் சொன்னாள்:

"ஒண்ணத்தான ஒடிச்சேன்னு சொல்லு."