பேக்கரி அண்ணன் தொட்ட மாவு

எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் கேக் மாவை வீட்டில் கலந்து, பேக்கரி அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்குவோம். பேக்கரி அண்ணன் யார் மாவானாலும் விரலால் தொட்டு ருசி பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார். அவர் குடியை விட்டு ஆறு வருடம். தெருவுக்கே தெரியும்.

அன்று என் சாக்லேட் மாவில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைக் கலந்திருந்தேன். பொம்பளை பீர் வாங்கினாள் என்று பேச்சு வருமே என்று வாயைத் திறக்கவில்லை. மாவைத் தொட்ட விரல், வாடை பட்டதும் உதட்டருகே நின்றது.

"இன்னாம்மா, இதுல பீரா? முன்னாடியே சொல்ல வேணாமா?"

கையைக் கழுவிவிட்டு, கேக்கைப் பதமாக வேகவைத்துக் கொடுத்தார். என் மானத்தை நினைத்த எனக்கு அவருடைய ஆறு வருடம் தோன்றவே இல்லை.

மறுநாள், கேக் மேல் பூசிய காபி கிரீமில் கொஞ்சம் கொண்டுபோனேன். "மன்னிச்சிருங்கண்ணா. இதுல வெண்ணெய், சர்க்கரை, காபி, அவ்ளோதான்."

ருசி பார்த்துச் சிரித்தார். ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் விரலை நீட்டவில்லை.