பெரிய டாக்டருக்குப் போட்ட படையல்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு நஷ்டமில்லை. ஞானாம்பிகை அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. அந்த வீட்டில் அந்த வேலைக்குத் தனியாக ஆள் இருக்கிறார், அவருடைய கணவர் விஸ்வலிங்கம்.

நடந்தது போன வருடம், பினாங்கில், மெக்காலிஸ்டர் சாலைக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டில். நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. மாலை ஏழு மணி. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

விஸ்வலிங்கத்தின் அப்பா சுப்பையா கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். புண்ணைத் துடைத்துக் கட்டுவார், ஊசி போடுவார், டாக்டர் கை கழுவும்போது கிண்ணம் ஏந்தி நிற்பார். அந்தச் சம்பளத்தில்தான் மகன் படித்தார். படித்து, வங்கியில் மேனேஜராகி, ஓய்வும் பெற்று, அப்பாவின் வேலையை வெளியில் சொல்லக் கூசும் அளவுக்கு உயர்ந்துவிட்டார். உயர்வென்றால் அப்படி ஓர் உயர்வு.

மகள் கீர்த்திகாவுக்கு மாப்பிள்ளை அவளே பார்த்துக்கொண்டாள். சிரம்பான் பையன், கார்த்திகன். அவன் டாக்டர், அவன் அம்மா ராகினி டாக்டர், அவன் தாத்தாவும் டாக்டர். அந்த வீட்டில் பூனைகூட ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டுதான் திரியும் போலிருக்கிறது. ராகினி போனில் விசாரித்தார்.

“உங்கப்பா என்ன செஞ்சாரு?”

“டாக்டர்,” என்றார் விஸ்வலிங்கம்.

பக்கத்தில் நின்ற ஞானாம்பிகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கீர்த்திகா அந்த நேரம் பார்த்து ஆவலோடு எட்டிப் பார்த்தாள். இந்தச் சம்பந்தம் கலைந்தால் பெண் உடைந்துபோவாள். ஞானாம்பிகை வாயை மூடிக்கொண்டார்.

“நல்லதா போச்சு,” என்றது போன். “எங்க வழக்கத்துல செத்துப்போன பெரியவங்களுக்குப் படைச்சிட்டுத்தான் நல்ல காரியம் பேசுவோம். நாங்க வர்ற அன்னைக்கே உங்கப்பா படத்துக்கு முன்னால படையல் போட்டுடலாம்லா.”

இப்போது மனிதர் மாட்டிக்கொண்டார். வீட்டில் சுப்பையாவின் படம் ஒன்றுதான் உண்டு. அதில் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிண்ணமும் கையுமாக நிற்பார். விஸ்வலிங்கம் அதைக் கழற்றி, மாடிப்படிக்கு அடியில் பழைய செருப்புகளுக்குப் பின்னால் செருகினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனார்.

அங்கே ஒரு சந்துக்குள் ஹனீபாவின் பழைய சாமான் கடை. ஒரு சுவர் முழுக்க அந்தக் காலத்து டாக்டர் படங்கள். பல்லைப் பிடுங்கும் வெள்ளைக்காரர், நாக்கை நீட்டச் சொல்லும் சீன வைத்தியர், மைக்ராஸ்கோப்பின் மேல் கை வைத்துப் புலி சுட்டவர் போல உட்கார்ந்திருக்கும் மீசைக்காரர். எல்லாப் படத்திலும் டாக்டருக்குத்தான் நாற்காலி. நோயாளிக்குப் பாதி முகம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

விஸ்வலிங்கம் பெரியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வண்ணம் தீட்டிய போட்டோ. கறுத்த மனிதர், வெள்ளைக் கோட்டு. சட்டத்தின் ஓரத்திலிருந்து நீளும் யாரோ ஒருவரின் மணிக்கட்டில் அவர் விரல்கள். கண் மட்டும் கடிகாரத்தில்.

“யாரு இவரு?”

“தெரியாதுண்ணே. ஒரு எஸ்டேட்டு பங்களாவ காலி பண்றப்ப வந்துச்சு.”

“நம்ம ஜாடைதான்,” என்று சொல்லிக் கட்டித் தரச் சொன்னார்.

வீட்டில் அதைப் பார்த்ததும் ஞானாம்பிகை பொறுக்காமல் கேட்டார்.

“ஊர் பேர் தெரியாத ஆள அப்பான்னு கூப்பிட்டு சோறு வைக்கப் போறீங்களா? மாமா கேட்டா என்ன சொல்வீங்க?”

“செத்தவரு எங்க கேக்கப் போறாரு? நீ சும்மா இரு.”

மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் வந்தது. மத்தியானத்திலிருந்தே மழை. லிட்டில் இந்தியாவில் கட்டிய மல்லிகை மாலையைப் படத்துக்குப் போட்டார்கள். கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பின்னறையில் இலை விரித்து, சோறு, பருப்பு, வடை, பாயசம், குடிக்கச் செம்பில் தண்ணீர், கை கழுவ ஒரு கிண்ணம். மாப்பிள்ளை வீட்டார் வழக்கம் இதுதான்: இறந்தவரை வாய்விட்டு அழைக்க வேண்டும். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர் சாப்பிடும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. திறக்கும்போது கனைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

விஸ்வலிங்கம் கற்பூரம் காட்டினார். “அப்பா... வந்து சாப்பிடுங்கப்பா,” என்றார். குரல் தழுதழுத்தது. பெற்ற அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடத் தழுதழுக்காத குரல் அது. ராகினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவைச் சாத்தினார்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராகினி தான் லண்டனில் படித்த கதையைச் சொன்னார். மழை ஓடுகளில் அடித்தது.

அப்போது உள்ளே ஒரு சத்தம்.

கிர்ர்ர்...

நாற்காலி இழுபடும் சத்தம். பின்னறையில் நாற்காலி கிடையாது.

“பூனையா இருக்கும்,” என்றார் விஸ்வலிங்கம்.

அடுத்து ஒரு நெடி வந்தது. பினாயிலும் ஸ்பிரிட்டும் கலந்த பழைய ஆஸ்பத்திரி நெடி. ராகினி மூக்கைச் சுளித்தார்.

“யாரு டெட்டால் ஊத்துனது?”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த குரல், அதிகாரக் குரல்.

“வாட்டர்.”

சளசளவென்று தண்ணீர் ஊற்றும் சத்தம்...

“டவல்.”

“எஸ் சார்.”

இந்தக் குரல் வேறு. மெலிந்தது, பணிந்தது.

படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டியவர் ஞானாம்பிகை. ஆயிரம் குரலில் கலந்தாலும் அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

சுப்பையா இறந்து ஒன்பது வருடம்.

ஞானாம்பிகை கணவரைப் பார்த்தார். விஸ்வலிங்கத்துக்கும் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பல்லைக் காட்டினார்.

“பக்கத்து வீட்டு டிவிலா.”

அந்த நேரத்திலும் பொய்.

“குயிக், மேன். யூஸ்லெஸ் ஃபெல்லோ!”

“சாரி சார்... சாரி சார்...”

ஞானாம்பிகையால் தாங்க முடியவில்லை. எழுந்து ஓடினார்.

கனைக்கவில்லை.

கதவைத் தள்ளினார்.

யாருமில்லை.

சோறு கலையவில்லை. மாலை தரையில் கிடந்தது. நடுவில் ஒரே வெட்டு, கத்தரியால் வெட்டியது போல.

இலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. அவர்கள் வைக்காத துண்டு. கட்டுப் போடுவதற்கு மடிப்பது போல முக்கோணமாக மடித்திருந்தது.

கிண்ணத்தில் தண்ணீர்...

சிவப்பாக இருந்தது.

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். டாக்டரின் கண் கடிகாரத்தில் இல்லை.

கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விஸ்வலிங்கம் பின்னாலேயே வந்து கிண்ணத்தை ஜன்னல் வழியே கவிழ்த்தார். “குங்குமம் விழுந்திடுச்சு,” என்று கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னார். வந்தவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் கார் தெருவில் நின்றது. விஸ்வலிங்கம் வாசற்படியோடு நின்றுவிட்டார். மழையைக் காரணம் சொன்னார். ஞானாம்பிகை பின்னறை வாசலைவிட்டு நகரவே இல்லை.

மறுநாள் காலையே படம் ஹனீபா கடைக்குத் திரும்பிப் போனது. ஞானாம்பிகை மாடிப்படிக்கு அடியிலிருந்து மாமனாரின் படத்தை எடுத்துத் துடைத்து, பழைய இடத்தில் மாட்டினார். மாலையில் அது மறுபடியும் செருப்புகளுக்குப் பின்னால் கிடந்தது.

“கல்யாணம் முடியட்டும்,” என்றார் விஸ்வலிங்கம். இவரையெல்லாம் பேய் பிடிப்பதுகூடப் பேய்க்குத்தான் அவமானம்.

இரண்டு நாள் கழித்து ராகினியிடமிருந்து போன். விஸ்வலிங்கம் மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்களுக்குப் பூரண சம்மதம். அடுத்த மாசமே நாள் பாத்துடலாம்.”

விஸ்வலிங்கத்தின் முகம் மலர்ந்தது. மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், எப்படி என் சாமர்த்தியம் என்பது போல.

“ஒண்ணு மட்டும் கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுல வேலை செய்யறாரே, ஒரு வயசானவரு...”

“எந்த வயசானவரு?”

“அன்னைக்கு மழையில எங்களுக்குக் குடை புடிச்சு கார் வரைக்கும் வந்தாரே. மெலிஞ்ச ஆளு. சட்டைப் பையில வரிசையா ஊக்கு குத்தியிருந்தாரு.”

ஞானாம்பிகை மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுப்பையா வேலையை விட்டு முப்பது வருடமான பிறகும் சட்டைப் பையில் ஊக்கு குத்தாமல் வெளியே போனதில்லை. யாருக்காவது கட்டுப் போட வேண்டி வரலாம் என்பார்.

“நீங்க யாருங்கய்யான்னு கேட்டேன். ‘இந்த வீட்டு வேலைக்காரன்மா’ன்னாரு. ‘பெரிய டாக்டர் வந்துட்டாரு, இனி அவருதான் இங்க இருப்பாரு, நான் கிளம்பறேன்’னாரு. எங்கள கார்ல ஏத்திட்டு, குடையையும் எங்ககிட்டயே குடுத்துட்டு, மழையில நனைஞ்சுகிட்டே நடந்து போயிட்டாரு. எனக்கு மனசே கேக்கல. பாவம், பெரியவரு. எங்க இருந்தாலும் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க. ஒரு நல்ல வேட்டி எடுத்துக் குடுங்க சம்பந்தி.”

போன் பதிலுக்குக் காத்திருந்தது. ஞானாம்பிகை கணவரின் வாயையே பார்த்தார். அது என் அப்பா. மூன்றே சொற்கள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தார்.

“சரிங்க,” என்றார் விஸ்வலிங்கம். “வேலைக்காரங்களுக்கு எடுக்கறப்ப அவருக்கும் ஒண்ணு எடுத்துடறேன்.”